வைரஸ் போகட்டும் என்று காத்திருக்கலாமா?

டி செல் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பது எங்கள் தொழில். இந்த நோய்க்குப் புத்தகத்தில் 'கடும் ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடு' என்று நீண்ட பெயர் உண்டு. வார்டில் எல்லோரும் சொல்வது ஸ்கிட். ஐ.எல்.2.ஆர்.ஜி., ரேக்-1, ரேக்-2, ஜாக்-3, ஏ.டி.ஏ. என்று இதற்குக் காரணமான மரபணுக்கள் பல. எது பழுதானாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான்: டி செல் உருவாவதில்லை, டி செல் இல்லாததால், பி செல் இருக்கும் குழந்தைக்கும் அதனால் பயனில்லை. பிறந்தவுடன் பார்த்தால் குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்த ஆன்டிபாடி சில வாரங்கள் காப்பாற்றும். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஒரு சளி பிடிக்கும். பிடித்த சளி போகாது. அந்தச் சளியோடு குழந்தையை மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் கொண்டுபோவதா, சளி அடங்கிய பிறகு கொண்டுபோவதா என்பது எங்கள் துறையில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. "முதலில் இன்ஃபெக்‌ஷன் சரியாகட்டும், அப்புறம் டிரான்ஸ்பிளான்ட் பார்க்கலாம்" என்பது கேட்பதற்கு நிதானமான பதிலாக இருக்கிறது. பெரும்பாலான சுவாச வைரஸ்களைப் பொறுத்தவரை அது தலைகீழ் வரிசை என்பது என் வாதம்.

ஆரோக்கியமான குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் வந்தால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மூக்கடைப்பு, இருமல், இரண்டு மூன்று நாளில் மூச்சிரைப்பு, பால் குடிக்கத் திணறல். பிறகு மெல்ல இறங்குமுகம். வாரம் பத்து நாளில் வைரஸ் வெளியேறிவிடும். அந்தக் குழந்தைக்கு நாம் கொடுப்பது ஆக்சிஜனும் திரவமும்தான். நெபுலைசரில் சால்புடமால், ஸ்டீராய்டு என்று எவ்வளவோ போட்டுப் பார்த்தாயிற்று; சாதாரண பிராங்கியோலைட்டிஸுக்கு எதுவும் பெரிதாக உதவவில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. உதவாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தையின் டி செல் வேலையை முடித்துவிடும். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது அதன் வேலை. ஆன்டிபாடியால் அதைச் செய்ய முடியாது. செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைத்தான் அது பிடிக்கும். வேலி மாட்டை வயலுக்குள் வரவிடாது, ஆனால் உள்ளே புகுந்து மேயும் மாட்டை விரட்டாது. ஸ்கிட் குழந்தையின் நுரையீரலில் மாடு மேய்ந்துகொண்டே இருக்கிறது. ஆர்.எஸ்.வி.யோ பாராஇன்ஃப்ளூயன்சா-3 வைரஸோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மூக்குச் சளியில் வந்துகொண்டே இருக்கும். நுரையீரல் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருஞ்செல்களாகி, மூச்சுச் சிற்றறைகள் அடைந்துபோகும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சளி, காய்ச்சல், இளைப்பு என்று நாம் நோயாகப் பார்ப்பதில் பெரும்பகுதி டி செல் நடத்தும் சண்டையின் சத்தம். சண்டை போட ஆளில்லாத நுரையீரலில் சத்தம் குறைவு. அதனால் ஸ்கிட் குழந்தைக்குத் தொடக்கத்தில் காய்ச்சல் இருக்காது, ஸ்டெதஸ்கோப்பில் விசில் அதிகம் கேட்காது. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு அறுபது, எழுபது என்று ஓடும். எடை ஏறாது. "சும்மா சளிதான், லேசாகத்தான் இருக்கிறது" என்று எழுதிய சீட்டோடு வரும் குழந்தையின் ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழே நிற்கும். இங்கே 'லேசு' என்ற சொல்லை நம்பக் கூடாது. காத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த அமைதியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

சரி, டி செல் இல்லையென்றால் மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆர்.எஸ்.வி.க்கு எதிரான பாலிவிசுமாப் என்ற ஊசி 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1,502 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில், ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்வது நூற்றுக்கு 10.6 என்பதிலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தவர்கள், நுரையீரல் பாதிப்புள்ளவர்கள். ஊசி போட்டது நோய் வருவதற்கு முன்பு. வந்துவிட்ட ஆர்.எஸ்.வி.யை அது குணமாக்கும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. பிறகு வந்த நிர்செவிமாப் ஒரே ஊசியில் ஏறத்தாழ ஐந்து மாதம் காக்கிறது. மாதாமாதம் ஊசி போடும் தொல்லை தீர்ந்தது. அதுவும் வேலிதான். நரம்பு வழியாக ஐ.வி.ஐ.ஜி. என்ற ஆன்டிபாடித் திரவத்தை ஏற்றுவதை ஒரு ஸ்கிட் குழந்தைக்கும் நாங்கள் விடுவதில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். நோய்த்தொற்று இருந்தால் இன்னும் நெருக்கமாக. பாக்டீரியாவைத் தடுப்பதில் அதன் பயன் பெரிது. வைரஸைப் பொறுத்தவரை, அது பரவும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது ஆசை.

ரிபாவிரின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் 'மருந்து கொடுத்துக் காத்திருக்கிறோம்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். மூச்சு வழியாகக் கொடுக்கும் ரிபாவிரினுக்கு 1985-இன் இறுதியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 6 கிராம் தூளை 300 மில்லி நீரில் கரைத்து, அதற்கென்றே செய்த கருவியில் ஊற்றினால் நுண்துளிப் புகையாக வரும். குழந்தையைப் பிளாஸ்டிக் கூண்டுக்குள் கிடத்தி, ஒரு நாளைக்கு 12 முதல் 18 மணி நேரம் அந்தப் புகையைச் சுவாசிக்க வைக்க வேண்டும். புகை படிந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி உறையும். கட்டில் கம்பி, போர்வை, குழந்தையின் இமை என்று எல்லாவற்றிலும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையென்றால் அந்தப் பொடி வால்வில் படிந்து அடைத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் பக்கத்திலேயே நின்று வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விலங்குகளில் கருவைப் பாதித்த மருந்து என்பதால் கர்ப்பிணி நர்ஸ்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பயன் என்ன? 1991-இல் வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையில் ரிபாவிரின் பெற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ஒப்பிடுவதற்காக மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்தது வெறும் சுத்த நீரின் புகை. அதுவே மூச்சுக்குழாயை இறுக்கக் கூடியது. பிறகு உப்பு நீரை வைத்து ஒப்பிட்டபோது வித்தியாசம் காணாமல் போயிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1993-இல் 'பயன்படுத்த வேண்டும்' என்று சொன்னதை 1996-இல் 'பயன்படுத்துவதைப் பரிசீலிக்கலாம்' என்று தளர்த்திக்கொண்டது. 2015 வாக்கில் அந்நாட்டில் ஒரு நாள் மருந்தின் விலை ஏறத்தாழ 30,000 டாலருக்குப் போனது வேறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமானதும்கூட. அந்தச் சோதனைகள் டி செல் உள்ள குழந்தைகளிடம் நடந்தவை. தாமாகவே தேறக்கூடியவர்களிடம் மருந்தின் பயன் தெரியாமல் போகலாம். டி செல் இல்லாதவர்களிடம் தெரியலாம் அல்லவா? மஜ்ஜை மாற்று செய்துகொண்ட பெரியவர்களிடம், மூக்கில் இருக்கும் ஆர்.எஸ்.வி. நுரையீரலுக்கு இறங்குவதை ரிபாவிரின் குறைப்பதுபோல் பல மருத்துவமனைகளின் அனுபவம் காட்டுகிறது. ஸ்கிட் குழந்தைகளிடம் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை எதுவும் இல்லை. நோய் இவ்வளவு அரிதாக இருக்கும்போது அப்படியொரு சோதனை எளிதில் நடக்கப் போவதும் இல்லை. எனவே ரிபாவிரினை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய்வழி மருந்து விலை குறைவு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைவதைக் கண்காணித்தபடி கொடுக்கலாம். மாற்று சிகிச்சைக்கான ஏற்பாடுகள் நடக்கும் நாட்களில் வைரஸைக் கொஞ்சம் அழுத்தி வைக்க அதைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. பி.சி.ஆர். நெகட்டிவ் ஆகும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பது என்று அதை ஒரு நிபந்தனையாக மாற்றுவதைத்தான் மறுக்கிறேன்.

மற்ற வைரஸ்களின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ஃப்ளூயன்சாவுக்கு ஓசெல்டமிவிர் உண்டு. வழக்கமான ஐந்து நாள் இந்தக் குழந்தைகளுக்குப் போதாது, நீட்டிக் கொடுக்க நேரும், நீட்டினால் மருந்துக்கு அடங்காத வைரஸ் தலைதூக்கவும் கூடும். அடினோ வைரஸுக்கு சிடோஃபோவிர். சிறுநீரகத்தைக் கெடுக்கும், புரோபெனெசிட்டும் தாராளமான திரவமும் கூடவே கொடுத்தாலும் கிரியாட்டினின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பாராஇன்ஃப்ளூயன்சா-3, ரைனோ வைரஸ், மெட்டாநிமோ வைரஸ் ஆகியவற்றுக்கு அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. வைரஸுக்கென்றே பழக்கிய டி செல்களை வேறொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்தும் முறை வளர்ந்து வருகிறது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் அடினோ, சி.எம்.வி. தொற்றுகளில் அது நம்பிக்கை தருகிறது. சிகிச்சைக்கு முன்பே ஸ்கிட் குழந்தைக்குக் கொடுத்த அனுபவம் சிறியது. கிடைக்கும் இடங்களும் சில. அந்த முறையுமே டி செல்தான் வேண்டும் என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் மிகப் பெரிய ஆதாரத்துக்கு வருகிறேன். 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 2000 முதல் 2009 வரை வட அமெரிக்காவின் 25 மையங்களில் மாற்று சிகிச்சை பெற்ற 240 ஸ்கிட் குழந்தைகளின் கணக்கு அது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். வயது கூடுதல், ஆனால் நோய்த்தொற்றே வராதவர்களில் 90. தொற்று வந்து சரியாகி, பிறகு சிகிச்சை பெற்றவர்களில் 82. தொற்று இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் 50. இந்த எண்களைத் திரையில் காட்டியதும் அரங்கில் உள்ளவர்கள் ஒரே முடிவுக்கு வருவார்கள்: ஐம்பதிலிருந்து எண்பத்திரண்டுக்குப் போக வழி தெளிவாக இருக்கிறதே, தொற்றைச் சரிசெய்துவிட்டுப் போனால் போயிற்று!

இந்த எண்களைப் படிப்பதில்தான் பிழை நேர்கிறது. 'தொற்று சரியானவர்கள்' என்ற கூட்டத்தில் இருப்பவர்கள் யார்? டி செல் இல்லாமலே, மருந்தால் சரியாகக்கூடிய தொற்று வந்தவர்கள் அதில் அதிகம் இருப்பார்கள்: நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவை கோட்ரைமாக்சசோல் அடக்கும், பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக் அடக்கும், பூஞ்சையைப் பல சமயம் மருந்து அடக்கும். 'தொற்று இருந்தபடியே' போனவர்கள் கூட்டத்தில், எவ்வளவு காத்திருந்தாலும் அடங்காத தொற்றுள்ளவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். பாராஇன்ஃப்ளூயன்சா-3 உள்ள குழந்தையை இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் அது முதல் கூட்டத்துக்கு மாறிவிடாது. அதே கூட்டத்தில், இன்னும் மோசமான நுரையீரலோடு இருக்கும். அதோடு, காத்திருந்த காலத்திலேயே இறந்துபோன குழந்தைகள் இந்த 240-இல் வரவே மாட்டார்கள், ஏனென்றால் கணக்கு தொடங்குவது மஜ்ஜை ஏற்றிய நாளிலிருந்து. காத்திருப்பதன் முழு விலையும் அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. அதை உள்ளே கொண்டுவராமல் இரண்டு எண்களை ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. தொற்று இருக்கும் நிலையில், பொருத்தமான உடன்பிறப்பும் கிடைக்காத குழந்தைகளில் அதிகம் பிழைத்தது யார்? பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரின் மஜ்ஜையிலிருந்து டி செல்லை நீக்கி, முன்கூட்டிக் கீமோதெரபி எதுவும் கொடுக்காமல், அப்படியே ஏற்றப்பட்டவர்கள். அதாவது தொற்றோடு சிகிச்சைக்குப் போவதன் ஆபத்தில் பெரும்பகுதி கண்டிஷனிங் என்று நாங்கள் சொல்லும் கீமோவில் இருக்கிறது. புண்ணாகிக் கிடக்கும் நுரையீரல்மேல் புசல்ஃபானைப் போட்டால் அது தாங்காது. ஸ்கிட் குழந்தையிடம் புது மஜ்ஜையைத் தள்ளிவிட டி செல் இல்லாததால், கீமோ இல்லாமலே பெரும்பாலும் டி செல் ஒட்டிக்கொள்ளும். இதற்கும் ஒரு விலை உண்டு: கீமோ பெற்றவர்களிடம் பி செல் நன்றாக வருகிறது, டி செல் எண்ணிக்கையும் கூடுதலாக இருக்கிறது, கீமோ இல்லாதவர்கள் பலர் ஆயுள் முழுக்க ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிக்கொள்ள நேரும். அந்தச் செலவு நம் குடும்பங்களுக்குச் சின்னதில்லை. ஆனாலும் தேவைப்பட்டால் பிறகு, நுரையீரல் தேறிய குழந்தைக்கு, கொஞ்சம் கீமோவோடு இரண்டாம் முறை மஜ்ஜை ஏற்றலாம். முதல் வருடம் உயிரோடு இருந்தால்தான் அந்தப் பேச்சு.

நாள் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். பொருத்தமான அண்ணனோ அக்காவோ கிடைத்து, மஜ்ஜையை எதையும் நீக்காமல் ஏற்றினால், அதிலிருக்கும் முதிர்ந்த டி செல்கள் சில வாரத்தில் பெருகி வேலையைத் தொடங்கும். டி செல் நீக்கிய மஜ்ஜை என்றால் குழந்தையின் சொந்தத் தைமஸ் வழியாகப் புதிய டி செல்கள் விளைந்து வர மூன்று நான்கு மாதம் ஆகும். இந்த மூன்று நான்கு மாதம் எப்படியும் வைரஸோடு கழிய வேண்டியதுதான். அதற்கு முன்னால் 'சரியாகட்டும்' என்று இன்னும் இரண்டு மாதம் சேர்த்தால், குழந்தை சுமக்கப்போவது ஐந்தாறு மாத வைரஸ். தானம் கொடுப்பவர் யார் என்பதை முதல் நாளே தேடத் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். அக்காள் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நம் ஊரில் ஒதுங்கியிருக்கும் மரபணுப் பிழைகளை ஒன்று சேர்த்து இந்த நோயைக் கொண்டுவருகிறது என்பது உண்மை. அதே குடும்பத்தில், அப்பாவோ அம்மாவோ குழந்தைக்கு முழுப் பொருத்தமாக அமைந்துவிடுவதும் உண்டு. உடன்பிறப்புகளோடு நிறுத்திவிடாமல் பெற்றோருக்கும் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்க வேண்டும்.

அடுத்த மறுப்பு: டி செல் வந்ததும் நுரையீரல் மோசமாகுமே? ஆகும். இதுவரை சத்தமில்லாமல் இருந்த நுரையீரலில் திடீரென்று சண்டை தொடங்கும். மஜ்ஜை ஏற்றிய சில வாரங்களில் ஆக்சிஜன் தேவை கூடும், எக்ஸ்ரே வெள்ளையாகும், ஐ.சி.யூ.வுக்குப் போக நேரும். ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கினால், வரவழைத்த டி செல்லையே அடக்குகிறோம்; கொடுக்காவிட்டால் அழற்சியே குழந்தையைக் கொண்டுபோகலாம். இதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, வைரஸ் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதுதான் நடைமுறை. ஆனால் இந்த மறுப்பு காத்திருப்பவர்களின் பக்கம் சேராது என்பதுதான் முக்கியம். வைரஸ் எவ்வளவு காலம், எவ்வளவு பரப்பில் நுரையீரலில் இருக்கிறதோ அவ்வளவு பெரிதாகத்தான் அந்தச் சண்டையும் இருக்கும். சண்டைக்கு அஞ்சுபவர் சீக்கிரம் போக வேண்டும்.

எங்கே காத்திருக்கலாம் என்பதையும் சொல்லாவிட்டால் என் வாதம் பிடிவாதமாகிவிடும். நியூமோசிஸ்டிஸ், பாக்டீரியா, மருந்துக்கு அடங்கும் இன்ஃப்ளூயன்சா ஆகியவற்றுக்குச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பது சரி. சி.எம்.வி. நிமோனியாவுக்கு கான்சைக்ளோவிர் கொடுத்து ரத்தத்தில் வைரஸ் அளவு இறங்குகிறதா என்று வாராவாரம் பார்க்கலாம்; முழுதாகப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது, ஏனென்றால் அந்த மருந்து வெள்ளணுக்களைத் தின்றுகொண்டே இருக்கும். ஏ.டி.ஏ. குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த நொதியை ஊசியாகவே கொடுக்க முடியும். சில வாரங்களில் ஓரளவு டி செல் தலைகாட்டும், அந்த அவகாசத்தில் வைரஸும் அடங்கும். அங்கே காத்திருப்பது அர்த்தமுள்ளது. காரணம், அங்கே டி செல் வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், மூக்கில் ரைனோ வைரஸ் பாசிட்டிவ், குழந்தை நன்றாக மூச்சுவிடுகிறது, பால் குடிக்கிறது என்ற நிலையில் அந்த ஒரு பி.சி.ஆர். தாளுக்காகத் தேதியைத் தள்ளிப்போடுவது எனக்குப் புரியாத எச்சரிக்கை. வென்டிலேட்டரில் இரண்டு வாரமாக, உயர்ந்த அழுத்தத்தில் கிடக்கும் குழந்தையின் விஷயம் வேறு. அங்கே சீக்கிரம் போ என்ற விதியும் பொருந்தாது, காத்திரு என்ற விதியும் பொருந்தாது. கீமோ இல்லாத முழுப் பொருத்த மஜ்ஜை கையில் இருந்தால் முயலலாம். இல்லையென்றால் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லி, குழந்தைக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும் வைத்தியம்தான்.

வைரஸை வரவிடாமல் தடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கிட் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது ஹூஸ்டனில் பிளாஸ்டிக் குமிழுக்குள் வளர்ந்த டேவிட் வெட்டர். 1971-இல் பிறந்த அவன் பன்னிரண்டு ஆண்டு அதற்குள் காப்பாற்றப்பட்டான். 1983 அக்டோபரில் அக்காவின் மஜ்ஜை ஏற்றப்பட்டு, 1984 பிப்ரவரியில் இறந்தான். அந்த மஜ்ஜைக்குள் யாருக்கும் தெரியாமல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. அந்தப் படம் மனதில் பதிந்ததாலோ என்னவோ, மருத்துவமனைகள் காற்று வடிகட்டிக்குக் கொட்டும் பணத்தில் பாதியைக் கைகழுவும் பேசினுக்குக் கொட்டுவதில்லை. ஹெபா வடிகட்டி பூஞ்சையைத் தடுக்கும், அதற்கு அது தேவை. ஆர்.எஸ்.வி. எப்படி வருகிறது என்பதை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கரோலின் ஹால் 1981-இல் அழகாகக் காட்டினார். நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிய ஏழு பேரில் ஐந்து பேருக்குத் தொற்றியது. குழந்தையைத் தொடாமல், அது கிடந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் தங்கள் மூக்கையும் கண்ணையும் தொட்ட பத்துப் பேரில் நான்கு பேருக்குத் தொற்றியது. சில அடி தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆகவே கதவில் ஒட்டும் அறிவிப்பைவிட, உள்ளே நுழையும் ஒவ்வொரு கையும் முக்கியம். சளி பிடித்த டாக்டர் ரவுண்ட்ஸ் வரக் கூடாது. இதைச் சொல்லும் துணிச்சல் நர்ஸுக்கு வேண்டும், அந்தத் துணிச்சலைக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அம்மா அறையிலேயே இருக்கட்டும், முகக்கவசத்தோடு. பார்க்க வரும் சொந்தங்கள் போனில் பார்க்கட்டும். வீட்டில் அண்ணன் அக்காவுக்குப் போலியோ சொட்டு மருந்து வேண்டாம், ஊசி போடலாம். இன்ஃப்ளூயன்சா ஊசி வீட்டில் அனைவருக்கும் போட வேண்டும்.

தாய்ப்பால் விஷயத்தில் சொல்வது கடினம், சொல்லாமல் இருப்பதும் தவறு. நம் நாட்டுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சி.எம்.வி. எப்போதோ வந்து போயிருக்கும். பால் சுரக்கும் காலத்தில் அது பாலில் மீண்டும் வரும். சாதாரணக் குழந்தைக்கு அதனால் ஒன்றுமில்லை. ஸ்கிட் குழந்தைக்கு அது நுரையீரலையும் கண்ணையும் கல்லீரலையும் தாக்கலாம். தாய்க்கு சி.எம்.வி. ஆன்டிபாடி இருந்து, குழந்தைக்கு இன்னும் தொற்றாமல் இருந்தால், மாற்று சிகிச்சை முடியும்வரை தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறேன். சுத்தமான நீர் இல்லாத வீட்டில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருமே என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. அந்த வீட்டுக் குழந்தையை வீட்டுக்கே அனுப்பாமல் மருத்துவமனையில் வைத்துக்கொள்வதுதான் என் பதில். இது எல்லா இடத்திலும் நடக்கக்கூடியது இல்லை என்பதும் தெரியும்.

இவ்வளவு சண்டையும் குழந்தை தொற்றோடு வந்து சேர்வதால் வருவது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டால் நூற்றுக்கு 94 பேர் பிழைக்கிறார்கள்; அதற்குத் தொற்றுக்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு உலர் ரத்தத்தில் 'டிரெக்' என்ற டி.என்.ஏ. வளையங்களை எண்ணி ஸ்கிட்டைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் இதைத் தொடங்கியது. 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. முப்பது லட்சம் குழந்தைகளைப் பார்த்ததில் 58,000-க்கு ஒரு குழந்தை ஸ்கிட். அதன் பலனும் தெரிந்துவிட்டது: ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நூற்றுக்கு 72, 73 என்று நகராமல் நின்ற ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம், 2010-க்குப் பிறகு 87 ஆகியது. இந்தியாவில் அந்தப் பரிசோதனை தேசியத் திட்டமாக இல்லை. 2021-இல் நாட்டின் பல மையங்கள் சேர்ந்து 277 ஸ்கிட் குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டன. அவர்களில் மாற்று சிகிச்சைவரை வந்தவர்கள் மிகச் சிலரே.

டிரெக் வரும்வரை நம்மிடம் எதுவும் இல்லை என்பதில்லை. மாவட்டத் தலைநகரில் எந்த லேபிலும் எடுக்கும் சி.பி.சி. தாள் போதும். மூன்று மாதக் குழந்தையின் தாளில் இப்படி இருக்கும்: மொத்த வெள்ளணு 6,000, நியூட்ரோஃபில் 74, லிம்போசைட் 20. பார்ப்பவர் நியூட்ரோஃபில் கூடியிருக்கிறது, பாக்டீரியா என்று நினைத்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றுவார். 6,000-இல் 20 சதவீதம் 1,200. அந்த வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் குறைந்தது 3,000-க்கு மேல் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஐயாயிரத்தைத் தாண்டும். ஆனால் லேப் கம்ப்யூட்டர் பக்கத்தில் அச்சிடுவது பெரியவர்களுக்கான எல்லை. அதன்படி 20 சதவீதமும் சரி, 1,200-உம் சரி. சிவப்பு எழுத்து வராது. அம்மாவின் டி செல் குழந்தைக்குள் புகுந்து தங்கிவிட்டால் எண்ணிக்கை சரியாகத் தெரிந்து ஏமாற்றும் குழந்தைகளும் உண்டு. எனவே எண்ணிக்கை சரியென்றால் ஸ்கிட் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் எண்ணிக்கை குறைவாக இருந்தும் விட்டுவிடுவதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

மாவட்ட மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் குழந்தைகளைப் பார்க்கும் சக மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மூன்று வாரமாகச் சளி விடாத, எடை ஏறாத கைக்குழந்தைக்கு அடுத்த நெபுலைசருக்கு முன் லிம்போசைட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000-க்குக் கீழே இருந்தால் ரோட்டா, போலியோ சொட்டு மருந்துகளை நிறுத்திவையுங்கள். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம் கேளுங்கள். தொற்று சரியாகும்வரை வைத்துப் பார்க்காமல் அன்றே மாற்று சிகிச்சை மையத்துக்குப் போன் செய்யுங்கள். பிரசவ வார்டில், "முதல் பிள்ளை நாலு மாசத்துல சளியில போயிடுச்சு" என்று ஒரு தாய் சொன்னால், புதிதாகப் பிறந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை பி.சி.ஜி. போடாதீர்கள்.